எழுபத்தொரு சென்டிமீட்டர்

தை பிறந்து ஒன்பதாம் நாள்.
மழை வருமென்று சொன்னவர்களை
யாரும் நம்பவில்லை.
அம்மாப்பேட்டைக்குத் தெற்கே
பாதி சிரைத்த தலை மாதிரி நாலு மா வயல்,
நடுவில் என் பெல்ட் வண்டி.
மணிக்கு இவ்வளவு என்கிற கூலி
மழையில் ஓடாது.

ஆத்தூரை விட்டு வந்து இருபத்திரண்டு நாள்.
லோகு வண்டிக்கடியில் தூங்கினான்.
நான் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்,
ஃபேன் பெல்ட் ஒன்றும் கிரீஸும் வாங்க.
கடை திறக்க மூன்று மணி ஆகுமாம்.
கீழவீதி முழுக்க ஒழுகிக்கொண்டிருந்தது.
ஒழுகாத இடமாக
அரண்மனைதான் தெரிந்தது.

டிக்கெட் கொடுத்தவர்
செருப்பை விடச் சொல்லவில்லை.
முதலில் உறுத்தியது அதுதான்.
இத்தனை சாமிகளுக்கு முன்னால்
சப்சப்பென்று ஈரச் செருப்போடு நடப்பது.
யாரும் கற்பூரம் காட்டவில்லை,
யாரும் எதையும் கேட்கவில்லை.
சாமிகள் டூட்டி முடிந்து
நிற்கிற மாதிரி இருந்தது.

ஒவ்வொன்றின் காலடியிலும் கிடைத்த இடம், ஆண்டு.
பாதிக்கு மேல் வயலில் கிடைத்தவை,
ஏர் தட்டி, கடப்பாரை தட்டி,
போர் போடக் குழி வெட்டி.
என் கத்தி தரைக்கு ஒரு சாண் மேலே ஓடும்.
அதற்குக் கீழே என்ன என்று
நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பதினேழாம் பீடம் காலி.
நாலு மூலையிலும் டேப் ஒட்டிய தாள்:
“தேவி. உயரம் 71 செ.மீ.
இச்சிலை கண்காட்சிக்காகப்
புதுதில்லி சென்றுள்ளார்.”
சிலை என்று தொடங்கி டைப் அடித்தவர்
கடைசிச் சொல்லில் மனசு மாறியிருக்கிறார்.
ஒரு பையில் ரெண்டு சேலை வைத்து
ஜி.டி. எக்ஸ்பிரஸ் பிடித்தவள் மாதிரி
சென்றுள்ளார்.

எழுபத்தொன்று.
கையைக் காற்றில் வைத்து அளந்தேன்.
என் தொடைக்கு மேல், இடுப்புக்குக் கீழ்.

“அங்க ஒண்ணுமில்லீங்க”
என்றார் காவலுக்கு இருந்த ஆரோக்கியமேரி.
தெரியுது என்றேன்.
பிறகுதான் பேசினார்.
பதினோரு வருஷமாக அவர் நாற்காலி
தேவிக்குப் பின்னால். ஃபேன் அங்கேதான் இருக்கிறது.
“வர்றவங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடுவாங்க.
எனக்குத் தெரிஞ்சது முதுகு.
கொண்டைக்குக் கீழ சுருள் ஏழு,
இடது தோளுகிட்ட கடப்பாரை பட்ட தழும்பு.
வேல செஞ்ச முதுகுங்க அது.”

மரப்பெட்டி, பஞ்சு,
ஆறு பேர் கையெழுத்து.
ஆணி அடிக்கையில் இவர்
வெளியே போய் நின்றுவிட்டாராம்.
“டெல்லியில நல்லா வச்சிருப்பாங்க.
சுத்தி வந்து பாப்பாங்களான்னுதான் தெரியல.”

கடை திறந்தது.
பெல்ட் கிடைத்தது, கிரீஸ் இல்லை.

மூன்றாம் நாள் வெயில்.
ஈரப்பதம் பத்தொன்பது என்றார் வயல்காரர் பக்கிரிசாமி,
இருபத்திரண்டு என்றது கொள்முதல் நிலையம்.
ரெண்டுக்கும் நடுவில்
அறுக்கச் சொல்லிவிட்டார்.

ராத்திரி லைட்டைப் போட்டு ஓட்டினேன்.
வடகிழக்கு மூலையில்
கரண்டு கம்பத்து இழுகம்பி.
வண்டி திரும்பாது.
கொஞ்சம் நெல் அங்கே நின்றுபோனது,
ஒரு பீடம் அகலத்துக்கு.
காலையில் அரிவாள் வைத்து அறுத்துக்கொள்வார்கள்.
வயலுக்கு வயல் ஒரு மூலை இப்படி நிற்கும்,
நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றைக்கு எஞ்சினை நிறுத்தி இறங்கினேன்.
செருப்பைக் கழற்றினேன்,
சேறு, அதனால்தான்.
தொடைக்கு மேல், இடுப்புக்குக் கீழ்
கதிர் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்து
நின்றது.
வரப்பைச் சுற்றிக்கொண்டு
அதன் பின்பக்கம் போனேன்.

“என்னண்ணே அங்க?” என்றான் லோகு.
ஒண்ணுமில்லடா என்றேன்.
அவனும் இறங்கி வந்தான்.